கிகி தொடர் வாசித்தவர்கள் வரவும்: வில்லனே இல்லாத சூனியக்காரிக் கதை எப்படி?

கொடிமலைக்காரி

ஜப்பானிய எழுத்தாளர் எய்கோ கடோனோ எழுதிய கிகி தொடரின் முதல் புத்தகத்தை மகளோடு சேர்ந்து வாசித்து முடித்தேன். இயக்குநர் மியாசாகி எடுத்த 1989 கார்ட்டூன் படத்தை இங்கே பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். புத்தகம் அதற்கு முன்னாலேயே, 1985இல் வந்துவிட்டது. நம்ம பினாங்குப் பாலம் திறந்த அதே வருஷம்.

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா சூனியக்காரி, அப்பா சூனியக்காரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் சாதாரண மனிதர். அவர்கள் மகள் கிகி. அம்மா வழியில் போவதா வேண்டாமா என்று பத்து வயதில் அவளே முடிவு செய்யலாம். போவதென்றால் பதின்மூன்று வயதில் ஒரு பௌர்ணமி ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சூனியக்காரி இல்லாத ஊராகப் பார்த்துக் குடியேறி, சொந்தமாகப் பிழைக்க வேண்டும். கிகிக்குத் தெரிந்த மந்திரம் விளக்குமாற்றில் பறப்பது மட்டும்தான். கொரிகோ என்ற கடலோர ஊரில் ரொட்டிக்கடை நடத்தும் ஓசோனோ இடம் கொடுக்கிறாள். அங்கிருந்து வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலை கிகி ஆரம்பிக்கிறாள். கூடவே ஜிஜி என்று ஒரு வாயாடிக் கறுப்புப் பூனை.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதையில் ஒன்றுமே நடக்கவில்லையே! படத்திலாவது அவளுக்குப் பறக்கும் சக்தி போய்விடுகிறது, கடைசியில் ஆகாயக் கப்பலில் தொங்கும் பையனைக் காப்பாற்றுகிறாள். புத்தகத்தில் அதுவும் கிடையாது. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு சாமான், ஒரு வாடிக்கையாளர், ஒரு சின்னச் சிக்கல். வில்லனும் இல்லை, சாபமும் இல்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பாதியில் கொட்டாவி வந்தது. உங்களுக்கெல்லாம் எப்படி?

பேய்க்கதைப் பிரியன்

நான் உங்கள் கட்சி. பார்சல் கொடுக்க எதற்குச் சூனியக்காரி? மோட்டார் சைக்கிள் போதுமே. பொந்தியானாக், தோயோல், தலையும் குடலும் மட்டும் பறந்து வரும் பெனாங்கலான் என்று பேய்க்கதை கேட்டு வளர்ந்த ஊர் இது. அதற்கப்புறம் இதை வாசித்தால் உப்பில்லாத கஞ்சி குடித்த மாதிரி இருக்கிறது.

லெபோ பாசார்

பெனாங்கலானிடம் பார்சல் கொடுத்தால் கையெழுத்து யார் வாங்குவது? அதற்குக் கையே கிடையாதே.

செந்தூல் ரைடர்

மோட்டார் போதுமே என்று சொன்ன அண்ணனுக்கு வணக்கம். நான் கோலாலம்பூரில் அந்த மோட்டாரில்தான் பார்சல் கொடுத்துப் பிழைக்கிறேன். பெண் ரைடர்கள் இங்கே கொஞ்சம் பேர்தான், அதனால் இந்தப் புத்தகத்தை யாரோ சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்களே அக்கா, அந்தப் பொம்மைப் பூனை அத்தியாயத்தை மறுபடி வாசியுங்கள். ஒரு பையனின் பிறந்தநாளுக்குக் கொடுக்க வேண்டிய பொம்மைப் பூனை வழியில் காற்றடித்து விழுந்துவிடுகிறது. நேரமாகிவிட்டது, பொம்மை கையில் இல்லை. கிகி என்ன செய்கிறாள்? ஜிஜியைப் பொம்மை மாதிரி அசையாமல் உட்காரச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறாள். உங்கள் மகளுக்கு அது சிரிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் என்று சொல்கிறேன். ஒருநாள் மொண்ட் கியாராவில் ஒரு கொண்டோ. காவலர் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, மோட்டாரை வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டார். கொக்கியில் மாட்டியிருந்த தே ஐஸ் (ஐஸ் டீ) பையை எடுக்கிறேன், அடியில் ஓட்டை. நடைபாதை முழுக்கச் சொட்டிக்கொண்டே லிஃப்டுக்குப் போனால், அட்டை தட்டாமல் லிஃப்ட் மேலே போகாது. கீழே இறங்கி வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் வாடிக்கையாளர் போனை எடுக்கவில்லை. பையில் ஐஸ் மட்டும்தான் மிச்சம். அந்த நேரத்தில் ஜிஜி மாதிரி ஒரு பூனை கிடைத்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பேன்!

எங்கள் வேலையில் வில்லன் என்று யாரும் வருவதில்லை. மழை, தப்பான முகவரி, வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். எழுதிய அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

கொடிமலைக்காரி

தங்கை, இதை வாசித்துவிட்டு அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். மழை என்றதும் படத்தில் வரும் பாட்டி ஞாபகம் வந்தாள். பேத்தியின் பிறந்தநாளுக்கு மீன் பை சுட்டுக் கொடுப்பாளே, அது. கொட்டும் மழையில் கிகி நனைந்து கொண்டுபோனால், அந்தப் பேத்தி வாசலில் நின்று சலித்துக்கொண்டே வாங்குவாள்.

செந்தூல் ரைடர்

அந்தக் காட்சியில் நான் படத்தையே நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதி பார்த்தேன்.

கிழக்கு நோக்கி

எல்லாருக்கும் வணக்கம். 1982இல் நம்ம அரசு தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையில் ஜப்பானுக்குப் படிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். அப்புறம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, இப்போது ஓய்வு. கிகி புத்தகங்களை ஜப்பானிய மொழியிலேயே வாசித்திருக்கிறேன். சில விஷயங்கள் சொல்லலாம்.

அத்தியாயத்துக்கு ஒரு சாமான் என்று கொடிமலைக்காரி குறைப்பட்டாரே, அதற்குக் காரணம் இருக்கிறது. இது முதலில் அம்மாக்களுக்கான ஒரு மாத இதழில் தொடராக வந்த கதை. மாதத்துக்கு ஒரு சம்பவம். கிகி அந்த ஊரில் தங்க வேண்டிய முதல் வருஷமும் அப்படியே மாதம் மாதமாக ஓடி முடிகிறது. ஒரே மூச்சில் வாசித்தால் கொட்டாவி வரத்தான் செய்யும். ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் போதும்.

கதை பிறந்த விதமும் சுவையானது. கடோனோவின் மகள் சின்ன வயதில் ஒரு சூனியக்காரியை வரைந்தாளாம். அவள் பறக்கும் விளக்குமாற்றில் ஒரு ரேடியோ தொங்குகிறது, பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறாள். அம்மா அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டார். கிகி வீட்டை விட்டுக் கிளம்பும்போது ரேடியோ கொண்டுபோவது அதனால்தான்.

இன்னொன்று. கடோனோ 1935இல் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தவர். 24 வயதில், 1959இல், பிரேசிலுக்குப் போய் இரண்டு வருஷம் இருந்தார். மொழி தெரியாத ஊரில் பிழைத்த அனுபவம் அவருக்கு உண்டு. முதல் புத்தகமே பிரேசிலில் பழகிய ஒரு பையனைப் பற்றியது, 1970இல் வந்தது. சிறுவர் இலக்கியத்தின் பெரிய விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 2018இல் அவருக்குக் கிடைத்தது.

பேய்க்கதைப் பிரியன்

விருது கிடைத்தால் போரடிக்காது என்று சட்டமா சார்?

கிழக்கு நோக்கி

இல்லை தம்பி. எனக்கே நாலாவது புத்தகத்தில் தூக்கம் வந்தது.

மருமகள்

எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். அட்டையில் விளக்குமாறும் கறுப்புப் பூனையும் கறுப்புச் சட்டைப் பெண்ணும். அத்தை பார்த்துவிட்டார். "பிள்ளைகள் படிக்கிற வீட்டில் இது என்ன கருமம், வெள்ளிக்கிழமை அதுவுமா?" என்று ஒரே சத்தம். எங்கள் வீட்டில் விளக்குமாற்றைத் தாண்டினாலே திட்டு விழும், அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் கேட்கவா வேண்டும். தீபாவளிக்குக் கறுப்பில் சட்டை எடுத்ததற்கே என் கொழுந்தன் பெண் அழுதிருக்கிறாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது அத்தை பக்கத்து நாற்காலியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கிகிக்குக் கறுப்பு பிடிக்கவில்லை, வேறு நிறம் கேட்கிறாள், பழைய வழக்கத்தை மாற்றக்கூடாது என்கிறாள் அம்மா. அந்த இடத்தில் "அம்மாக்காரி சொல்வது சரிதானே" என்று ஒரு குரல். பறக்கும்போது யோசனையில் மூழ்கித் தாழ்ந்துவிடுகிறாள் என்று, அம்மா ஊரில் உள்ள உயரமான மரங்களின் உச்சியில் மணி கட்டி வைக்கிறாள். கால் பட்டு மணி அடித்தால் சுதாரித்துக்கொள்வாள் என்று. அதைக் கேட்டதும் அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது அவருக்குக் கிகி மேல் கோபமில்லை. அப்பாக்காரன் மேல்தான். பதின்மூன்று வயதுப் பெண்ணை ராத்திரியில் தனியாக அனுப்புகிறானே, இவன் என்ன மனுஷன் என்று தினமும் கேட்கிறார்.

லெபோ பாசார்

அத்தையை இங்கே உறுப்பினராக்குங்கள். சில அண்ணன்மாரைவிட நன்றாக விமர்சனம் செய்கிறார்.

பிறை ஆசிரியை

அந்தப் பதின்மூன்று வயதைப் பற்றி நான் பேச வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு எடுக்கிறேன். வருஷக் கடைசியில் பாடமெல்லாம் முடிந்த பிறகு கிகி கதையை மாணவர்களுக்குத் தமிழில் சொன்னேன்.

பதின்மூன்று என்றால் இங்கே படிவம் ஒன்று. ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில், எல்லா ஆசிரியரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் தூரத்தில் இருந்த பிள்ளை. அடுத்த வருஷம் ஆயிரத்துக்கு மேல் மாணவர்கள் உள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. பாடமெல்லாம் மலாயில். சிலர் இடையில் புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷம் உட்கார வேண்டும், தோழர்கள் எல்லாம் ஒரு படி முன்னால் போய்விடுவார்கள். ஒரு வகுப்பில் நம் பிள்ளைகள் மூன்று நாலு பேர் இருந்தால் அதிகம்.

கிகி கொரிகோவில் இறங்கியதும் என்ன ஆகிறது? ஊரே அண்ணாந்து பார்க்கிறது, யாரும் பக்கத்தில் வருவதில்லை. அவள் நினைத்து வந்ததோ, சூனியக்காரி வந்திருக்கிறாள் என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று. இந்த இடத்தைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமில்லை. எப்போதும் கடைசி வரிசையில் வம்பு செய்யும் ஒரு பையன் கையைத் தூக்கி, "டீச்சர், அவள் யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டாள்?" என்று கேட்டான்.

ஓசோனோகூட என்று சொன்னேன். "அப்ப சரி" என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிய கொடிமலைக்காரிக்கு இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அது ஒன்றுமே நடக்காத கதையாகத் தெரியவில்லை.

கொடிமலைக்காரி

டீச்சர், என் மகளுக்கும் வருகிற வருஷம் படிவம் ஒன்றுதான். அவள் சிரித்த இடங்களைத்தான் நான் கவனித்திருக்கிறேன் போலிருக்கிறது. இன்று ராத்திரி கேட்டுப் பார்க்கிறேன்.

தோட்டத்துப் பேரன்

கோகிரி பாத்திரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கிகியின் அம்மா. அந்தக் காலத்துச் சூனியக்காரிகளுக்கு நிறைய மந்திரம் தெரியுமாம், தலைமுறை தலைமுறையாகக் குறைந்து, கோகிரியிடம் மிச்சமிருப்பது இரண்டுதான்: பறப்பது, தும்மலுக்கு மருந்து செய்வது. மூலிகையைத் தானே பயிர் செய்து, காய்ச்சி, ஊருக்குக் கொடுக்கிறாள்.

என் பாட்டி சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்தார். பிள்ளைப்பேறு பார்ப்பது, குழந்தைக்கு வசம்பு சுட்டுத் தேனில் இழைத்துக் கொடுப்பது, ஓமம் காய்ச்சுவது, உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவது எல்லாம் அவர்தான். லயத்து வீட்டின் பின்னால் ஆடாதோடை, துளசி, கற்பூரவல்லி, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத செடிகள். ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியற்காலையில் வந்து இலை பறித்துக்கொண்டு போவார்கள். அதே பெண்கள் சாயங்காலம் யாராவது வீட்டில் மாடு செத்துவிட்டால் பாட்டி கண்ணு பட்டது என்று பேசுவார்கள். ஒருமுறை முனியாண்டி கோயில் திருவிழாவில் சாமியாடியவர் பாட்டியைக் கை காட்டிவிட்டார். அப்புறம் ஒரு மாதம் யாரும் வரவில்லை. யாருக்கோ ராத்திரியில் பிரசவ வலி வந்ததும் எல்லாம் மறந்துபோனது, மறுபடி கதவைத் தட்டினார்கள்.

எங்கள் தோட்டத்தை விற்றபோது எல்லாரும் டவுன் அடுக்குமாடிக்குப் போனோம். நாலாவது மாடி வராந்தாவில் தொட்டியில் கற்பூரவல்லி மட்டும்தான் வைக்க முடிந்தது. பாட்டிக்குத் தெரிந்ததில் என் அம்மாவுக்குப் பாதி தெரியும். எனக்கு இஞ்சித் தண்ணீர் போடத் தெரியும்.

கோகிரிக்கு அவள் ஊரில் எந்த அவப்பெயரும் இல்லை. தும்மல் மருந்து வாங்க வருகிறார்கள், நன்றி சொல்கிறார்கள், போகிறார்கள். வாசிக்கும்போது எனக்கு அது இனித்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இந்த மாதிரித் தொடர்களில் சூனியக்காரி என்று சொல்லப்பட்ட பெண்களுக்கு நடந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, தொப்பியையும் பூனையையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பேய்க்கதைப் பிரியன்

தம்பி சொன்னதுதான் என் புகாரும், எனக்கு இவ்வளவு அழகாகச் சொல்ல வரவில்லை. லேசான கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லேசாக இருந்தாலும் கொஞ்சம் பல் இருக்க வேண்டும். ஸென் சோ வாசித்துப் பாருங்கள். நம்ம மலேசியப் பெண், அறிவியல் புனைகதை, மாயக்கதைகளுக்கான ஹூகோ விருதை 2019இல் வாங்கியவர். 2014இல் வந்த ஸ்பிரிட்ஸ் அப்ரோட் தொகுப்பில் டமான்சாராவின் முதல் சூனியக்காரி என்று ஒரு கதை. செத்துப்போன சீனப் பாட்டி அடங்க மாட்டேன் என்று வம்பு பிடிக்கிறாள், பேத்திக்கோ கல்யாண உடை வாங்கும் கவலை. சிரித்துக்கொண்டே வாசிக்கலாம், ஆனால் செத்தவர்கள் செத்தவர்கள்தான். 2021இல் வந்த பிளாக் வாட்டர் சிஸ்டர் முழுக்கப் பினாங்கிலேயே நடக்கிறது. அதில் வரும் பாட்டி ஆவி பேசுகிற பேச்சு அச்சு அசல் நம்ம மார்க்கெட் ஆயாக்கள் பேச்சு. கடன், நிலத்தகராறு, கோயில், ரவுடி எல்லாம் உண்டு.

கிழக்கு நோக்கி

பேரனின் எரிச்சல் நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜப்பானில் சூனியக்காரியை எரித்த சரித்திரம் கிடையாது, தொப்பி விளக்குமாறு எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. சுமை இல்லாமல் வந்த பொருளை அவர்கள் லேசாகவே கையாண்டார்கள். படத்தில் வரும் ஊரும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமையும் விஸ்பியையும் பார்த்து வரைந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. நம்ம கிராமத்தில், தோட்டத்தில் அந்தப் பெயரால் அடி வாங்கியவர்கள் உண்டு.

செந்தூல் ரைடர்

எனக்கு வேறொரு எரிச்சல். கூலி. கிகி பல இடத்தில் காசு வாங்குவதே இல்லை. உன்னிடம் இருப்பதில் கொஞ்சம் கொடு, போதும் என்கிறாள். சூனியக்காரி ஊரோடு கொடுக்கல் வாங்கலாக இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு வாடிக்கையாளர் ரொட்டி கொடுத்தால் சந்தோஷம்தான். பெட்ரோல் நிலையத்தில் ரொட்டியை நீட்ட முடியுமா? விளக்குமாற்றுக்குப் பெட்ரோல் தேவையில்லை, அவளுக்கு ஓசோனோ வீட்டில் தங்க இடம் உண்டு. மாதக் கடைசியில் மோட்டார் தவணை கட்டுகிறவளுக்கு இந்த ஞானம் ஒத்துவராது.

விழுந்து அடிபட்டால் என்ன ஆகும் என்றும் புத்தகம் பேசவில்லை. தொம்போ என்ற பையன் அவள் விளக்குமாற்றை எடுத்துப் பறக்கப் பார்த்து உடைத்துவிடுகிறான். தொழில் சாமான் போச்சு! நானாக இருந்தால் அவன் அப்பாவிடம் போய் நின்றிருப்பேன். இவள் உட்கார்ந்து புது விளக்குமாறு செய்கிறாள். எங்களுக்கே 2025இல்தான் நாடாளுமன்றத்தில் கிக் தொழிலாளர் (எங்களைப் போல ஆப் வழியாக வேலை செய்கிறவர்கள்) மசோதா நிறைவேறியது. கிகி அதற்குக் காத்திருந்தால் பாட்டியாகியிருப்பாள்.

மருமகள்

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். உடைத்தவனையே பின்னால் கட்டிக்கொள்வாளோ என்று கேட்கிறார்.

கிழக்கு நோக்கி

அத்தையிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: கட்டிக்கொள்கிறாள். தொடரின் மூலக் கதை 2009இல் ஆறாவது புத்தகத்தோடு முடிகிறது. அதில் கிகி இரட்டைப் பிள்ளைகளுக்கு அம்மா, ஒன்று பெண், ஒன்று ஆண். இன்னொரு செய்தியும் உண்டு, இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். சூனியக்காரிக்கும் அவள் பூனைக்கும் உள்ள பேச்சு காலத்துக்கும் தொடரும் என்று கணக்கில்லை. அவளுக்குத் துணை கிடைத்ததும் பூனையும் தனக்கொரு துணையைத் தேடிக்கொண்டு போய்விடும் என்பது அங்கே வழக்கம்.

லெபோ பாசார்

சீரியஸாகப் போகிறது, நான் ஒரு சந்தேகம் கேட்கிறேன். வருஷக் கடைசி ராத்திரி அத்தியாயம். மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தால்தான் ஊரே சேர்ந்து ஓடும் ஓட்டம் தொடங்கும், அன்றைக்குப் பார்த்துக் கடிகாரம் பழுது, கிகியைக் கூப்பிடுகிறார்கள். சரி. நம்ம ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டுக்கு அவளைக் கூப்பிட்டால்? விக்டோரியா ராணியின் அறுபது வருஷ ஆட்சிக்கு அறுபது அடி என்று கட்டினார்கள். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்து அது ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. கிகி அதைச் சுற்றிப் பறந்தால் தன் விளக்குமாறுதான் சாய்ந்திருக்கிறது என்று நினைத்துக் கடலில் விழுவாள்.

பிறை ஆசிரியை

விழ மாட்டாள். நாங்கள் கொம்தார் கோபுரத்தின் உச்சியில் மணி கட்டிவைப்போம்.

கொடிமலைக்காரி

நேற்று ராத்திரி மகளிடம் பேசினேன். எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். வயிற்றுப் பட்டை பின்னும் பாட்டி என்றாள். எந்தக் கஷ்டத்துக்கும் வயிற்றைச் சூடாக வைத்தால் போதும் என்று கண்ணில் பட்டதுக்கெல்லாம் பட்டை பின்னும் பாட்டி. கப்பலில் ஒன்றோடொன்று இடிக்கும் பாட்டில்களுக்கும் கடைசியில் அந்தப் பட்டைதான். படிவம் ஒன்றைப் பற்றிக் கேட்டேன். பயமாக இருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ. "ஜிஜியைக் கூட்டிப்போக விடுவார்களா?" என்றாள். அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு இன்னும் கதை மந்தம் என்றுதான் படுகிறது. ஆனால் இரண்டாவது புத்தகம் வேண்டும் என்று அவள் காலையிலேயே கேட்டுவிட்டாள். சார், அதில் என்ன இருக்கிறது?

கிழக்கு நோக்கி

1993இல் வந்தது. பேரனுக்குப் பிடிக்கலாம், கிகி அம்மாவிடமிருந்து தும்மல் மருந்து செய்யக் கற்றுக்கொள்வது அதில்தான். அதற்கு முன்னால் உடம்பு சரியில்லாத ஒரு நீர்யானையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை வருகிறது.

செந்தூல் ரைடர்

நீர்யானையா? விளக்குமாற்றிலா? சார், அதற்காவது காசு வாங்கினாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.